அந்தப் படத்தில் அப்பா கிடையாது

ஜூன் 7, சனி

மேட்னி. போலீஸ் படம். பெயர் இரண்டு வரி நீளம், அதை எழுத உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் இடம் போதாது. போலீஸ் படம் என்றே இருக்கட்டும், அதில் போலீசைத் தவிர வேறு யாரும் இல்லை. திருடன்கூடக் கடைசியில் போலீஸ் என்று ஆகிவிட்டது.

பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படம் போடுகிறேன் என்று சொன்ன நேரத்தில் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனாலும் சனிக்கிழமை மேட்னியை விடுவதில்லை. வீட்டில் இருப்பது நானும் மனைவி வசந்தாமணியும்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத் திரையைப் பார்க்கலாம். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீ, தேங்காய் பன். அங்கே வைத்துப் படத்தைக் கிழிப்போம். கோபிக்காரர்களுக்குப் படத்தைப் பற்றிப் பேச யாரும் கற்றுத்தர வேண்டாம். எங்கள் வாய்க்கால் கரையில் எத்தனையோ கதாநாயகிகள் நனைந்திருக்கிறார்கள்.

"முன்னால சீட்டுக்காரன் திரும்பித் திரும்பிப் பாத்தானுங்க. சண்டை வந்தா உங்க காலு சும்மாவே இருக்காதுங்களா?" என்றாள் வசந்தா. ஒரு கிளைமாக்ஸ் சண்டைக்கு நான்கு உதை உதைக்காவிட்டால் கொடுத்த காசு செரிக்காது என்றேன்.

இன்று வாசலில் ஒரு பெண் மைக்கை நீட்டினாள். பெயர் ஜெபாவாம், யூடியூப் சேனலாம். "அங்கிள், ஆன்ட்டி, படம் எப்படி இருந்துச்சு?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, "லத்தி நல்லா நடிச்சிருக்குதுங்க, புடிச்சிருந்த ஆளுதான் சரியில்ல" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தோடு வந்திருக்கலாம். வசந்தா பக்கம் மைக் போனது.

"படம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. என்னால முழுசா மனசு வெச்சுப் பாக்க முடியல. எங்க ஊட்டுச் செவலை மாடு நேத்துத்தான் கன்னு போட்டுச்சு. கெடேரிக் கன்னு. நெத்தியில வெள்ளைச் சுட்டி. அதையவே நெனச்சுட்டு இருந்தனுங்க."

எனக்குத் தலையைத் தொங்கப்போட வேண்டியதாகிவிட்டது. சினிமா கேட்டால் சினிமா சொல்ல வேண்டாமா?

ஜூன் 10, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டது. என் லத்தி வசனத்துக்குக் கீழே சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறார்கள். சாயந்திரம் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு, கருத்துகளை ஒவ்வொன்றாக வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கையில் போன் கிடையாது. இருந்தது, இப்போது என் பீரோவில் இருக்கிறது. அவளுக்கு எதற்குப் போன்?

"கடைசி வரிசை" என்ற பெயரில் ஒருவன், "அம்மா, கன்னுக்குட்டிக்கு என்ன பேரு வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறான். இப்படியும் வேலை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வசந்தா அரிந்துகொண்டிருந்த சுரைக்காயை வைத்துவிட்டு, "இன்னொருக்காப் படிங்க" என்றாள். படித்தேன்.

ஜூன் 14, சனி

காதல் படம். கதாநாயகன் இடைவேளை வரை பின்னாலேயே நடக்கிறான், அதன் பிறகு அவள் நடக்கிறாள். செருப்புக் கம்பெனி எடுத்த படமாக இருக்கும் என்று மைக்கில் சொன்னேன். ஜெபாவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

வசந்தா சொன்னது: "ரண்டு பேரும் நல்லா இருந்தாங்க, ஜோடிப் பொருத்தம் நல்லாருந்துச்சு. போன வாரம் ஒருத்தங்க கன்னுக்குட்டி பேரு கேட்டாங்களாம். இன்னும் வெக்கலீங்க. எங்க ஊட்டுல பேரு வெக்கற ஆளு இப்ப ஊர்ல இல்ல."

பேக்கரியில் வைத்துக் கேட்டேன், பேர் வைக்க நான் இல்லையா என்று. "நீங்க எந்த மாட்டுக்கு வெச்சிருக்கீங்க?" என்றாள். அது உண்மைதான். பன் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஜூன் 17, செவ்வாய்

கடைசி வரிசை பெயர் சொல்லியிருக்கிறான். லட்டு.

ஜூன் 18, புதன்

காலையில் கட்டுத்தறிப் பக்கம், "லட்டு, இந்தட்ட வா சாமி" என்று சத்தம் கேட்டது. முகம் தெரியாத எவனோ யூடியூபில் சொன்ன பெயரை மாட்டுக்கு வைத்திருக்கிறாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. கன்று மட்டும் அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்க்கிறது.

ஜூன் 28, சனி

பேய்ப் படம். பேயைவிடப் பாட்டு பயமாக இருந்தது. இதை மைக்கில் சொன்னேன். இப்போதெல்லாம் படம் ஓடும்போதே என்ன சொல்வது என்று மனதுக்குள் தயார்செய்து வைத்துக்கொள்கிறேன். தெருவில் இரண்டு பேர், "சினிமா மாமா" என்று கூப்பிடுகிறார்கள். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பாடுபட வேண்டியிருக்கிறது.

வசந்தா வழக்கம்போல. பேய் வந்த வீட்டுப் படிக்கட்டைப் பார்த்ததும் தன் முட்டிவலி ஞாபகம் வந்ததாம். தைலம் போட்டுக் குறைந்திருக்கிறதாம், யாரும் கவலைப்பட வேண்டாமாம். யார் கவலைப்பட்டார்கள்?

ஜூலை 1, செவ்வாய்

கடைசி வரிசை ஆண் இல்லை. இன்று எழுதியிருப்பது: "நானும் பேய்ப்படம் போனேன். ஏழாவது மாசம், சத்தம் ஆகலை, பாதியில எழுந்து வந்துட்டேன். மீதிக் கதையை அந்த அம்மா சொன்னா நல்லாருக்கும்."

யாரோ கர்ப்பிணி. படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வசந்தா அடுப்பை அணைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் எழுந்து போய் அணைத்தேன். அப்புறம் சாமி அறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் விளக்குப் போட்டிருப்பாள்.

ஜூலை 5, சனி

அவள் பேசியதை எழுதிவைக்கவே எனக்குக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதானே.

இன்று பார்த்தது கிராமத்துப் படம். அதில் ஒரு கல்யாண விருந்து வருகிறது. ஜெபா மைக்கை நீட்டியதுதான் தாமதம், வசந்தா போன வாரப் பேய்ப் படத்தின் மீதிக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அது முடிந்ததும் அந்தக் கல்யாண விருந்துக்கு வந்தாள்.

"விருந்து நல்லாக் காட்டியிருந்தாங்க. எங்க பக்கம் புள்ளை முழுகாம இருந்தா அம்மா ஊட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டுட்டுப் போவோமுங்க. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு, அப்புறம் அரிசிம்பருப்புச் சோறு. எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போயி, ஊட்டிவிட்டுட்டு, புள்ளையக் கையோட ஊட்டுக்குக் கூட்டீட்டு வந்துருவோம். எனக்குச் செய்யறதுக்கெல்லாம் தெரியுமுங்க. புளி முந்தாநாளே வாங்கி வெச்சிருக்கறேன். ஏழாம் மாசத்துல எடது பக்கமாத்தான் படுக்கோணும். பப்பாளி திங்கக் கூடாது. கால் வீங்குனா தண்ணியில உப்புப் போட்டு வெச்சுக்கோணும் கண்ணு."

கேமராவைப் பார்த்தே 'கண்ணு' என்றாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு. ஒரு பையன், "ஆன்ட்டி, படம் சுகப்பிரசவமா?" என்றான். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பேக்கரிக்குப் போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இதுவரை வந்த வீடியோக்களில் இதைத்தான் ஊரே பார்த்திருக்கிறது. "சினிமா கேட்டா பிரசவம் பாக்குறாங்க" என்று தலைப்பு. அவள் முகத்தை வெட்டி டாக்டர் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் பின்னால் என் முகம், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

பெரியண்ணன் போன் செய்தார். ஹலோ எல்லாம் கிடையாது.

"ஏன்டா ராக்கியா, உனக்கு வெக்கம் மானம் ஒண்ணுமில்லையா? ரண்டு வருசத்துக்கு முன்னால உன்ற ஊட்டுல நடந்ததுக்கே நாங்க இன்னும் விசேசத்துல தலை நிமுந்து நிக்க முடியல. இப்ப நீ பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தெருவுல நின்னு கூத்தடிக்கறயா? புள்ளை முழுகாம இருந்தாளாம், சோறாம். யாரு புள்ளைடா?"

"அவ பொதுவாச் சொல்றாங்ண்ணா" என்றேன்.

வசந்தாவைத் திட்டிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான். "பட்டிக்காட்டு வாயி. இனிமே மைக்குல நீ வாயத் தெறக்கக் கூடாது." பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அவள் லட்டுவை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஜூலை 9, புதன்

மனது கேட்காமல் இன்றும் கருத்துகளைப் படித்துக் காட்டினேன். அவளைச் சமாதானப்படுத்தத்தான். நல்லதாகப் பொறுக்கிப் படித்தேன். கடைசி வரிசை எழுதியிருந்தாள்: "ரொம்ப நன்றி அம்மா. இடது பக்கமே படுக்கிறேன். பக்கத்துல நிக்கற ஐயா மேல யாரும் கோவிச்சுக்காதீங்க. அவரு சண்டை சீன் வந்தா முன் சீட்டை உதைப்பாரு, மத்தபடி நல்லவரு."

"இவளுக்கு எப்புடித் தெரியும்? நம்ம கூடவே படத்துக்கு வந்திருக்கறாளா?" என்று சிரித்தேன்.

வசந்தா சிரிக்கவில்லை. கரண்டி கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், உடனே சட்டிக்குள் பார்த்தாள். தாளிப்பு கருகிப் போனது.

ஜூலை 10, வியாழன்

எல்லாக் கருத்துகளையும் முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். செவலை, கன்று, லட்டு, முட்டிவலி, ஏழாவது மாதம்.

எங்கள் வீட்டு மாடுகளுக்கெல்லாம் தின்பண்டத்தின் பெயர். ஜிலேபி, முறுக்கு, அதிரசம். வைத்தது யார் என்று எழுதத் தேவையில்லை.

ஜூலை 11, வெள்ளி

கௌசிகா. எழுதிவிட்டேன். இந்த டைரியில் இந்தப் பெயர் வருவது இதுதான் முதல்முறை.

கூட வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். நம் ஆட்கள் இல்லை. வேண்டாம் என்றேன். ஓசூரில் பதிவு செய்துகொண்டாள். பெரியண்ணன் வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது, எனக்குப் பெண்ணே இல்லை என்று சொன்னேன். சொன்னதும் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து வசந்தாவின் போனைப் பிடுங்கினேன். கற்பூரம் ஏற்றி, என் தலைமேல் சத்தியம் வாங்கினேன். நான் இல்லாமல் அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று.

இவர்களிடம் ஏமாந்துவிட்டேன் என்று எனக்குக் கோபம் வந்தது. மகளின் கடிதத்தை நானே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கி அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். தபால்காரனாவது வாசலோடு போய்விடுவான்.

ஜூலை 12, சனி

முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். படத்துக்குப் போகவில்லை. முட்டிவலி அவளுக்குத்தான், எனக்கு இல்லை. அவளும் கேட்கவில்லை. மத்தியானம் சேலை மாற்றி, தலை வாரி, வாசலில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அந்தச் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஜூலை 19, சனி

மழை என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

ஜெபாவின் சேனலில் வேறு யார் யாரோ பேசுகிறார்கள். கீழே கடைசி வரிசை: "சினிமா மாமாவும் அந்த அம்மாவும் வரலையா?"

சாயந்திரம் அடுக்களையிலிருந்து, "ஏனுங்க, இன்னிக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வரல" என்றேன்.

ஜூலை 26, சனி

போகவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

"அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? யாராவது கோபியில இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்."

அதற்குக் கீழே ஒருவன், "பாட்டி டிக்கெட் வாங்கிருச்சு போல" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். அதற்குக் கீழே மறுபடியும் அவள்: "தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க."

ஒரு வரி பதில் எழுதினால் போதும், நன்றாக இருக்கிறாள் என்று. எழுதினேன். அழித்தேன். என் பெயரில் போகும், பெரியண்ணன் மகன் பார்ப்பான் என்று பயம். எட்டு மாதக் கர்ப்பிணி ஓசூரில் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று கிடக்கிறாள், நான் இங்கே அண்ணன் மகனுக்குப் பயப்படுகிறேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் இருக்க முடியுமா தெரியவில்லை.

"ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்ல."

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

பவானி கூடுதுறைக்குப் போனோம். நல்ல கூட்டம். வசந்தா முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, படித்துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க படிச்சுக் காட்டாட்டியும் பரவால்லீங்க. அவ எழுதறாளான்னு மட்டும் சொல்லுங்க."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு மொதல் நாளே தெரியுமுங்க. கன்னுக்குப் பேரு என்னன்னு வேற யாரு கேப்பாங்க? நீங்க கண்டுக்கிட்டது, நான் தாளிப்பக் கருக உட்டனே, அன்னிக்கு."

"சத்தியம் பண்ணுனயே வசந்தா."

"மீறலீங்களே. நீங்க இல்லாம அவகிட்டப் பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க பக்கத்துல நிக்கறப்பத்தானுங்க பேசுனேன். அவ சொன்னதையும் உங்க வாயாலதான் கேட்டேன்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். மைக்குக்கு முன்னால் அவள் பேசிய ஒவ்வொரு தடவையும் நான் தலைகுனிந்து நின்றதும், கையைப் பிடித்து இழுத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. பட்டிக்காட்டு வாய் என்றேனே.

"எழுதறா. நீ நல்லாருக்கறயான்னு கேக்கறா" என்றேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் அத்தனை சனம், புதுப்பெண்கள், குழந்தைகள். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 9, சனி

கிளம்பு என்றேன். அந்தச் சேலையையே கட்டு என்றேன்.

சிரிப்புப் படம். நான்கு திருடர்கள் ஒரு ஏடிஎம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறார்கள், திறக்கத் தெரியாமல். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நான் பாதிதான் பார்த்தேன். வெளியே வந்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சண்டைக் காட்சியில்கூடக் கால் ஆடவில்லை.

ஜெபா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "எங்க போயிட்டீங்க? கமெண்டுல கேட்டுட்டே இருக்காங்க. ஆன்ட்டி, முதல்ல நீங்க சொல்லுங்க!"

வசந்தா என்னைப் பார்த்தாள். மைக்கில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன் இல்லையா? "சொல்லு" என்றேன்.

"படம் நல்லாருந்துச்சுங்க. சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு. நான் நல்லாருக்கறேன். லட்டுவும் நல்லாருக்குது."

மைக் என் பக்கம் வந்தது. தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"படம் பரவால்லீங்க" என்றேன். "ஆனா அந்த அப்பன் கேரக்டருதான் சரியில்ல. புள்ளை தனக்குப் புடிச்சவனக் கட்டிக்கிட்டுப் போயிருது. ஒரு தப்பும் பண்ணல. இவன் என்னடான்னா எனக்குப் புள்ளையே இல்லைன்னு சபையில சொல்லீட்டுத் திரியறான். அம்மாக்காரி போனப் புடுங்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கறான். வில்லன்னுகூடச் சொல்ல முடியாதுங்க, வில்லனுக்காச்சும் தைரியம் இருக்குது. இவன் சொந்தக்காரன் என்ன சொல்லுவானோன்னே பயந்து சாகறான். புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னு அவனுக்கு ஆசை இருக்குது. எப்புடிக் கேக்கறதுன்னு தெரியல. அதனாலதான் படம் இவ்வளவு இழுவையாப் போச்சு."

ஜெபா மைக்கைக் கொஞ்சம் இறக்கினாள். குழப்பமாகப் பார்த்தாள். "அங்கிள், அந்தப் படத்துல அப்பா கேரக்டரே இல்லீங்களே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இருக்கறாரு கண்ணு. நீ சரியாப் பாக்கல" என்றாள் வசந்தா.

பேக்கரியில் அவள் தன் பன்னில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளைக்கு வீடியோ வரும். பெரியண்ணன் பார்ப்பார். பார்க்கட்டும். ஓசூரிலும் பார்ப்பாள். வீட்டுக்கும் கட்டுத்தறிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வசந்தா புளியை எடுத்து வெயிலில் காய வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே வீடியோ வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

வசந்தா பேசுகிறாள். சிரித்து வயிறு வலித்தது, நான் நன்றாக இருக்கிறேன், லட்டு நன்றாக இருக்கிறது. அடுத்து மைக் என் பக்கம் வருகிறது. "படம் பரவால்லீங்க" என்கிறேன். அவ்வளவுதான். உடனே வேறு இரண்டு காலேஜ் பையன்கள் வந்துவிட்டார்கள். நான் பேசிய மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். படத்தில் இல்லாத அப்பாவைப் பற்றி உளறினால் ஜெபாதான் என்ன செய்வாள் பாவம்.

எனக்கு வந்த முதல் எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். அப்பாடா, பெரியண்ணனுக்குத் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் வரும், இன்னும் வரும் என்று. வராது என்று தெரிந்ததும் சாணம் அள்ளப் போய்விட்டாள்.

பீரோவைத் திறந்து அவள் போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். என் போனில் தடுத்து வைத்திருந்த எண்ணை விடுவித்தேன். கட்டுத்தறிக்குப் போனேன். வசந்தா கூடையைக் கீழே வைத்தாள். அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே கூப்பிட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நாந்தான்" என்றேன். கடைசியில் வாயில் வந்தது, "படம் பாத்தயா கண்ணு?"

"பாத்தேனுங்ப்பா."

"எப்புடி இருந்துச்சு?"

"சுமாருங்ப்பா." பிறகு, "நீங்க ஏனுங்ப்பா ஒண்ணுமே பேசாம நின்னுட்டீங்க?"

"பேசுனேன் சாமி. வெட்டிப்போட்டாங்க."

"என்ன பேசுனீங்க?"

மைக்கில் சொல்லும்போது முன்னால் ஒரு படம் இருந்தது, அந்தப் படத்தில் ஒரு அப்பன் இருந்தான், எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டேன். இங்கே லட்டுதான் நின்று என் வேட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"நான் உனக்குப் பெரிய தப்புப் பண்ணீட்டேன்னு சொன்னேன்" என்றேன்.

அவள் அழுதாள். நானும்தான். வசந்தா என் கையிலிருந்து போனை வாங்கவில்லை, நானாகக் கொடுக்கும்வரை காத்திருந்தாள். கொடுத்தேன். இரண்டு வருடமாகப் பேசாத மகளிடம் எடுத்த எடுப்பில் என்ன கேட்பாள் என்று பார்த்தால், "கண்ணு, மாப்பிள்ளைக்குப் புளிச்சோத்துல காரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. ஓசூருக்குக் காலை பஸ். பெரியண்ணனுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன், வருவதும் வராததும் அவர் விருப்பம்.

மாப்பிள்ளை பெயர் எழிலரசன். எனக்கு முன்பே தெரியும். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.